நைனா விளக்கிய ஆங்கிலப் பாட்டுகள்

சித்தூர் மிஷன் சபையில் வளர்ந்த எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பைபிள் ஆங்கிலம்தான். அக்கா நர்சு. இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்தபோது சந்தோஷத்தைவிடப் பயமே அதிகமாக இருந்தது. "பேஷன்ட் ஒண்ணு சொல்லி, நான் வேற ஒண்ணு செஞ்சிட்டேன்னா?" என்று வீட்டில் எல்லாரையும் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அந்த ஊர்ப் பேச்சு பாட்டில்தான் இருக்கும் என்று நான்தான் பெரிய மேதாவி மாதிரி யோசனை சொன்னேன். அப்போது தினமும் பஸ்ஸில் திருப்பதிக்குப் போய்க் காலேஜ் படித்துக்கொண்டிருந்தேன். அங்கே புதிதாக முளைத்திருந்த கடைகளில் பாப் பாட்டுக் கேசட்டுகள் விற்றன. உள்ளே பாட்டு வரிகள் அச்சடித்த தாளும் இருக்கும்.

"லோகத்துப் பாட்டு" என்று முகம் சுளித்த நைனா, மகளுக்காக இறங்கி வந்தார். ஆனால் அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். குடும்ப ஜெபத்தில் செய்வதுபோல நாங்கள் ஆளுக்கொரு வரி வாசிக்க வேண்டும், அவர் விளக்கம் சொல்வார்.

ஒரு காதலன் தன் இதயத்தைச் சட்டைக் கையில் அணிந்திருப்பதாகப் பாடினான். "ஆரோன் மார்ப்பதக்கம் போட்டுக்கினு போனான் இல்ல, அந்த மாதிரி" என்று பைபிள் ஆசாரியனிடம் போனார் நைனா. இன்னொருவன் வயிற்றில் பட்டாம்பூச்சிகள் பறந்தன. அதற்கு மீன் வயிற்றிலிருந்து யோனாவையே இழுத்து வந்தார். "பூச்சி மாத்திரை குடுத்தா சரியாப்பூடும் நைனா" என்றாள் அக்கா. சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

பிறகு ஒருத்தி, தான் 'ப்ளூ'வாக, அதாவது நீலமாக இருப்பதாகப் பாடினாள். "உடம்பு நீலமாச்சின்னா ஆக்சிஜன் வெக்கணும்" என்றாள் அக்கா, யோசிக்காமலே. மறுநாள் காலேஜில் இங்கிலீஷ் சாரிடம் கேட்டேன். அவர் தெலுங்கில் ஒரே வார்த்தையில் முடித்தார்: பெங்க. யாரையாவது நினைத்து மனசு வாடிக் கிடப்பது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அக்கா டேப்ரிக்கார்டரை நிறுத்திவிட்டாள்.

"பாத்தியா? மனசு சரியில்லன்னு சொல்றவங்க மூக்குல நான் குழாய சொருவியிருப்பேன். நான் போவல."

அவள் அழுததைப் பார்த்து எனக்கு என்மேலேயே எரிச்சலாக வந்தது. நைனா வசனம் எதையும் தேடவில்லை. "போய்ப் பாரும்மா. முடியலன்னா வந்துடு, நான் இருக்கறேன்" என்றார்.

போனாள். முதல் போன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும், தெருமுனை எஸ்டிடி பூத்துக்கு வந்தது. ரிசீவரை நைனாவும் நானும் ஆளுக்கொரு காதாகப் பங்கு போட்டுக்கொண்டோம்.

"நைனா, நேத்து ஒரு வயசான அம்மா என்னமோ சொன்னாங்க. நாம கேட்ட எந்தப் பாட்டுலயும் அது வரல. புரியலம்மான்னு சொல்லிட்டேன். கோச்சிக்கல. கையப் புடிச்சி உக்கார வெச்சி சொல்லிக் குடுத்தாங்க. கேட்டா சொல்றாங்க நைனா!"

நைனா தொண்டையைச் செருமினார். விளக்கம் வரப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

"அதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்றார். "எனக்கும் சொல்லு."