கனகாவின் கம்ப்யூட்டர் வயல்

குத்தாலம் பேருந்து நிலையத்துக்கு எதிரே நான் பிரவுசிங் சென்டர் வைத்து வருஷம் பல ஆகிறது. எல்லார் கையிலும் போன் வந்த பிறகு ஜெராக்ஸ் எடுக்கத்தான் ஆள் வருகிறது. கம்ப்யூட்டரில் விளையாடுவதற்கென்று தொடர்ந்து வந்துகொண்டிருந்தவள் கனகா ஒருத்திதான். பேஸ்புக்கில் ஒரு வயல் விளையாட்டு. விதைத்து, தண்ணீர் விட்டு, அறுக்க வேண்டும். போனில் அது ஓடாது.

குவைத்தில் இருக்கும் அண்ணன் திருமுருகன்தான் அவளை அதில் சேர்த்துவிட்டார். ஆரம்பத்தில் இவள் அடித்த கூத்து இருக்கிறதே! விளையாட்டில் நெல் ஒரே நாளில் விளைந்துவிடும். இவளோ நிஜ வயல் என்ற நினைப்பில் அதைத் தரிசாகப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பாள்.

"மேட்டூர் இன்னும் திறக்கலையே நஃபீசாக்கா, தண்ணி வராம எப்படி விதைக்கிறது?" என்பாள். தலையில் அடித்துக்கொள்வேன். விதைத்தால் மட்டும் மறுநாள் வருவாளா? பயிர் முற்ற நாலு மாசமாகும் என்ற நினைப்பில் வீட்டிலேயே இருந்துவிடுவாள். பயிர் கருகும். விளையாட்டில் பக்கத்து வயல்காரர் என்ற முறையில் அண்ணன்தான் வந்து தண்ணீர் பாய்ச்சிக் காப்பாற்றுவார்.

2017இல் இவள் மூத்த மகளுக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் வைத்துக் குத்துவதுதான் முறை. லீவு கிடைக்கவில்லை என்று திருமுருகன் வரவில்லை. வேறு யார் மடியிலோ பிள்ளையை வைத்தார்கள். சபையில் கனகா தலைகுனிந்து நின்றாள். அன்றோடு அண்ணனிடம் பேச்சை நிறுத்தினாள். அவர் போன் செய்தால் எடுக்க மாட்டாள். ஆனால் அவர் இவள் வயலுக்கு நீர் பாய்ச்சினார் என்று திரையில் தினமும் வரும்.

"அவரு இஷ்டத்துக்குப் பாய்ச்சுறாரு, நான் கேட்டனா?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வீம்பு பிடித்தவள்.

2020 கடைசியில் திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது ஃபிளாஷ் என்ற மென்பொருளில். அதை டிசம்பரோடு உலகம் முழுக்கவே நிறுத்துகிறார்கள், வயலையும் மூடுகிறார்கள். படித்துச் சொன்னேன்.

"போகட்டுங்க்கா" என்றாள். ஆனால் அறிவிப்பை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். அண்ணனோடு அவளுக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான் என்று எனக்குத் தெரியாதா?

கடைசி நாள் வந்தாள். தன் வயலில் ஒன்றும் விதைக்கவில்லை.

"அண்ணன் வயலுக்கு ஒரு தடவை பாய்ச்சிட்டு வந்துடுறேங்க்கா" என்று, அந்தச் சண்டைக்குப் பிறகு முதல்முறையாக அவர் பக்கத்தைத் திறந்தாள்.

அங்கே பயிரே இல்லை. முழுக்கச் சருகு. எப்போதோ விதைத்ததை அறுக்கக்கூட இல்லை. மனுஷன் தன் வயலைத் திரும்பியே பார்க்கவில்லை. தங்கச்சி வயலுக்காக மட்டும் தினமும் வந்து போயிருக்கிறார்.

கனகா அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம். பிறகு போனை எடுத்து அவளே கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் "கனகாவா?" என்றது அண்ணன் குரல்.

"உன் வயலு காஞ்சு கெடக்குண்ணே."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இவள் விடவில்லை.

"நீ ஒண்ணும் சொல்லாத. சின்னவ அபிநயாவுக்கு மூணு வயசாகுது. இன்னும் காது குத்தாம வச்சிருக்கேன். எப்ப வர்ற?"