ஏரிக்கரையில் ஆறு வாரம்

முதல் தடவை அந்த அருவியைப் படத்தில் பார்த்தபோது அக்கா விசாரித்தது அதன் சத்தத்தைப் பற்றித்தான். என் செல்போனில் ஸ்பீக்கர் போய்விட்டிருந்தது. கல்வராயன் மலையில் ஏதோ ஒரு காட்டுக்குள் பாறை மேலிருந்து வெள்ளையாக விழுந்துகொண்டிருந்த தண்ணீர் ஊமைப் படம்போல ஓடியது. மாட்டுக்குத் தவிடு கரைத்த ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள், காதில் வைத்துப் பார்த்தாள். "சத்தம் எப்பிடிடி இருக்கும்?" என்றாள். எனக்கும் தெரியாது. நாங்கள் இருவருமே அருவி பார்த்தவர்கள் இல்லை.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் அல்ல. என் ஓரகத்தி, என் கணவரின் அண்ணன் மனைவி. வில்லியனூருக்கு மேற்கே ஒரு சின்ன ஊரில், ஒரே வாசலைப் பார்த்த இரண்டு வீடுகளில் இருபது வருஷம் இருந்தோம். ஓரகத்திகளிடம் ஊர் எதை எதிர்பார்க்குமோ அது முதல் இரண்டு வருஷம் எங்களுக்குள்ளும் இருந்தது. என் இரண்டாவது பிரசவத்தில் நான் எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன். அத்தனை நாளும் என் தலையைத் தூக்கிப் பிடித்துக் கஞ்சி ஊட்டியவள் அவள்தான். அதற்கப்புறம் அவளோடு சண்டை போட எனக்கு ஒன்றும் மிச்சமில்லை.

அந்தப் படத்தை அனுப்பியவள் திருபுவனைக் கம்பெனியில் என்னோடு அட்டைப்பெட்டி ஒட்டுகிறவள். அவளுக்கு மலையடிவாரத்தில் தாய்வீடு. பஸ் நிற்கும் இடத்திலிருந்து காட்டுப் பாதையில் மூன்று கிலோமீட்டர் ஏறி இறங்கினால் அருவி, பொங்கல் கழிந்த கையோடு வந்தால் தண்ணீர் இருக்கும் என்றாள். இதை நான் வந்து சொன்னதிலிருந்து அக்கா வேறு ஆளாகிவிட்டாள். பஸ் கண்டக்டர்களை நிறுத்தி விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு எத்தனை மணிக்கு வண்டி என்று கேட்டாள். புளிச்சோறு நான்தான் கட்டுவேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். நனைந்தால் மாற்றிக்கொள்ள ஆளுக்கு ஒரு நைட்டி என்றாள். கரும்புக் கொல்லைக்கும் நடவுக்கும் போய்வந்தே நாற்பத்தாறு வயதைக் கடந்தவள். கல்யாணம், சாவு, கோயில் இந்த மூன்றையும் விட்டால் அவள் எதற்காகவும் ஊரைத் தாண்டியதில்லை. எந்தக் காரணமும் இல்லாமல், தண்ணீர் விழுவதைப் பார்க்க மட்டும் ஓர் இடத்துக்குப் போவது என்பது அவளுக்குத் திருட்டுபோல இனித்தது.

ஆண்கள் இருவரும் சிரித்தார்கள். என் கணவர், குளிக்கத்தானே, பம்புசெட்டில் குளியுங்கள் என்றார். மாமா, அதாவது அக்காவின் கணவர், ரெண்டு பேரும் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவீர்கள் என்றார். அவரை மாமா என்றுதான் நான் கூப்பிடுவேன். பாதி வழியில் என்று அவர் சொன்னது அக்காவுக்கு உறைத்துவிட்டது. மறுநாளே, நடந்து பழகலாம் வா என்று கூப்பிட்டாள். எங்கள் பக்கம் எல்லாம் சமதரை. ஏறுவதற்கு ஏரிக்கரையைத் தவிர மேடு கிடையாது. விடிந்ததும் கரை ஏறி, மதகு வரை போய்த் திரும்பினால் எனக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க நேரம் சரியாக இருக்கும். ஆறு வாரம் நடந்தோம்.

முதல் மூன்று வாரம் அவள்தான் முன்னால் போவாள். நான்காவது வாரத்தில் நான் பேசிக்கொண்டே போய்த் திரும்பிப் பார்த்தால் பின்னால் நின்றிருப்பாள். செருப்பில் முள் என்பாள். இன்னொரு நாள் கொக்கைப் பார்த்தேன் என்பாள். மார்கழிப் பனியில் அவள் ரவிக்கை வியர்வையில் நனைந்திருந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன செய்தேன்? "இன்னாக்கா, மேட்டுக்கே இப்பிடின்னா மலை எப்பிடி ஏறுவ?" என்று சிரித்தேன். சோற்றைக் குறைக்க வேண்டும் என்றாள், குறைத்தும்விட்டாள். ஐந்தாவது வாரம் இடது தாடை வலிக்கிறது என்றாள். சொத்தைப் பல்லாக இருக்கும் என்று நான்தான் கிராம்பு கொடுத்தேன்.

கடைசி வாரத்தில் ஒருநாள் மதகுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டாள். முகம் சாம்பல் பூத்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டேன். கேட்டேன் என்பது உண்மைதான், ஆனால் எப்படிக் கேட்டேன் என்றும் சொல்லத்தான் வேண்டும். போகலாம் என்று அவள் சொல்லிவிடக் கூடாதே என்று நினைத்துக்கொண்டு கேட்டேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"வூட்ல சொல்லாதடி. சொன்னா போவ வுட மாட்டாங்க. ஞாயித்துக்கெழம போய்ட்டு வந்து காட்டிக்கிறேன்."

சரி என்றேன். எனக்கும் போக வேண்டும்போல இருந்தது.

வியாழக்கிழமை காலை சோறு வடிக்கும்போது அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஆட்டோவில் என் மடியில்தான் கிடந்தாள். ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோன பிறகு ஓர் இளம் டாக்டர் வெளியே வந்து, இதற்கு முன்னால் மூச்சு வாங்கியதா, தாடை, தோள்பட்டை எங்காவது வலி என்றார்களா என்று கேட்டார். மாமா சொன்னார்: "அப்பிடி ஒன்னும் இல்லீங்க. தெனம் ஏரிக்கரையில நடந்துனு இருந்துச்சிங்க." நான் அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வாய் திறக்கவில்லை. பதினொரு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்றார்கள். அந்த நேரத்தில் சொல்லியிருந்தாலும் எதுவும் மாறியிருக்காது என்று பிறகு ஒரு நர்ஸ் சொன்னாள். பத்து நாள் முன்னால் சொல்லியிருந்தால் என்று நான் அவளிடம் கேட்கவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் நல்ல சாவு, வலி தெரியாமல் போய்விட்டாள் என்றார்கள். அரியாங்குப்பத்தில் வாழ்க்கைப்பட்ட அவள் மகள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பார்க்கிறவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். அதைச் சொல்லித்தான் அவள் எழுந்து நடமாடினாள். ஞாயிற்றுக்கிழமை வந்தது, போனது. அதற்கப்புறம் நான் ஏரிக்கரை பக்கம் போகவில்லை. மூன்று வருஷமாக மாமாவுக்குச் சோறு என் வீட்டிலிருந்துதான். வைத்தால் சாப்பிடுவார், தட்டைக் கழுவி வைப்பார். நான் அவர் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. அவரும் பேசவில்லை. என்மேல் கோபம் என்றே நினைத்திருந்தேன்.

இந்தப் பொங்கலுக்கு அக்காவின் மகள் வந்திருந்தாள். மாட்டுப்பொங்கல் அன்று மாமா மாட்டைக் குளிப்பாட்டிக் கட்டிவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் அங்கேயே பொங்கல் பானைக்கு அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தேன். மகள் திடீரென்று, அம்மா பார்க்க ஆசைப்பட்ட அந்த அருவிக்கு நாம் எல்லோரும் கார் எடுத்துக்கொண்டு போகலாம், அடுத்த வாரம் தன் வீட்டுக்காரருக்கும் லீவு என்றாள். எத்தனை மணிக்குக் கிளம்புவது, எங்கே டிபன் சாப்பிடுவது என்று அவள் அடுக்கிய விதம் அப்படியே அக்காதான். பிறகு அவள் கேட்டாள்: "அம்மா ஒரு நாள்கூட முடியலன்னு சொன்னதில்லல்ல சித்தி?"

அதற்கு ஆமாம் என்று சொல்ல எனக்கு மூன்று வருஷப் பழக்கம் இருந்தது.

"சொன்னாங்க," என்றேன். "எங்கிட்ட சொன்னாங்க. வூட்ல சொல்லாதன்னாங்க. நான் சொல்லல."

மாமா தலை நிமிராமல், மாட்டுக்குக் கட்ட வைத்திருந்த மாலையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எங்கிட்டயும் சொன்னா. கெணத்தாண்ட நெஞ்சப் புடிச்சினு குந்தினு இருந்தா. சித்திகிட்ட சொல்லாதன்னா. அது ஆசையா கெளம்பினு இருக்குது, எனக்கு முடியலன்னு தெரிஞ்சா நின்னுடும்னா. நானும் வுட்டுட்டேன்."

அந்த ஆஸ்பத்திரி வராண்டாவில் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே விஷயத்தை மறைத்திருக்கிறோம். அவர் என்னைப் பார்க்காமல் இருந்தது கோபத்தால் அல்ல. இரண்டு பேர் வாயையும் தனித்தனியாக மூடிவிட்டுப் போயிருக்கிறாள் அக்கா.

மகள் கத்துவாள், எங்களைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. அவள் அடுப்புக்குப் பக்கத்தில் வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"வேற இன்னா சொல்லுச்சி அம்மா?" என்றாள்.

சொன்னேன். செருப்பில் முள் என்றதை, கொக்கைப் பார்த்ததை, மாற்று நைட்டியை, சோற்றைக் குறைத்ததை, கிராம்பை எல்லாம் சொன்னேன். அவள் இன்னும், இன்னும் என்பதுபோல என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வாரம் தினமும் பேசிக்கொண்டே நடந்தோம். ஆனால் எனக்கு ஞாபகம் இருந்தது அவ்வளவுதான். பானை பொங்குவதற்குள்ளேயே சொல்லி முடித்துவிட்டேன்.