வராதவர்களுக்குப் போட்ட சைபர்

சராசரி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான்காம் வகுப்பில் நான் எழுதாமல் போன ஒரு பரீட்சைதான் அதற்குக் காரணம்.

மரக்காணத்தில் உப்பு வாரும் மாதங்களில் எங்கள் காலனியில் பெரியவர்கள் யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். கைக்குழந்தையையும் உப்பளத்துக்குத் தூக்கிப் போவார்கள்; அதைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு ஒரு பிள்ளை கூடப் போகும். எங்கள் வீட்டில் அது நான். எட்டாவது படித்த அக்கா பள்ளிக்குப் போவாள். ஊர்ப் பிள்ளைகளுக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேறு பள்ளி. எங்கள் பள்ளியில் காலனிப் பிள்ளைகள் மட்டும்தான். இந்த லட்சணத்தில் இரண்டு பள்ளிகளையும் ஒப்பிட்டுப் பார்க்க எல்லா வகுப்புக்கும் ஒரு கணக்குப் பரீட்சை வைத்தார்கள். அதையும் உப்பு வாரும் மாதமாகப் பார்த்து வைத்தார்கள். அன்றைக்கு நான் பாத்தி ஓரத்தில் தம்பிக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பெற்றோர் கூட்டம். அப்பா காலில் உப்போடு போய் நின்றார். வந்திருந்த அதிகாரி இரண்டு சராசரியையும் போர்டில் எழுதிக் காட்டினாராம். ஊர்ப் பள்ளியில் பாதிகூட நாங்கள் இல்லை.

"உங்க புள்ளைங்களுக்குக் கணக்கே வரலைங்க. வீட்ல அக்கறை இல்ல," என்றாராம்.

அக்கறையைப் பற்றி அந்த ஆளுக்கு என்ன தெரியும்! எத்தனை பேர் பரீட்சைக்கு வந்தார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அப்பா வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம்தான் பேசினார்.

"ஏறாத படிப்புக்கு எதுக்கு அலையணும்? நாளைலேர்ந்து எங்கூட அளத்துக்கு வா."

"நான் எல்லாக் கணக்கும் சரியாத்தாம்பா போட்டேன்."

"அப்ப படிச்ச ஆபீசரு பொய் சொல்றாரா?"



மறுநாளிலிருந்து அக்கா உப்பு வாரினாள், தம்பியையும் பார்த்துக்கொண்டாள். மதியச் சோறாவது கிடைக்கட்டும் என்று என்னைப் பள்ளிக்கு விட்டார்கள். எனக்கு ஒரே கொண்டாட்டம். பையை மாட்டிக்கொண்டு ஓடும்போது அவளைப் பார்த்து "மக்கு, மக்கு" என்று கத்தினேன். அவள் தம்பியைத் தூக்கிக்கொண்டு அப்பாவின் பின்னால் நடந்தாள்.

இப்போது அதே பள்ளியில் நான் டீச்சர். போன வருஷம் பீரோவை ஒழித்தபோது அந்தப் பரீட்சையின் மதிப்பெண் பட்டியல் அகப்பட்டது. அக்கா முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள். வராதவர்கள் அத்தனை பேருக்கும் சைபர் போட்டு, அவர்களையும் சேர்த்து வகுத்திருந்தார்கள், பாவிகள். என் பெயருக்கு நேரேயும் ஒரு சைபர் இருந்தது.

அக்காவைப் பள்ளியிலிருந்து வெளியே இழுத்த சைபர்களில் ஒன்று என்னுடையது என்று, மக்கு என்று கத்திய அன்றைக்கு எனக்குத் தெரியாது.