புவனா அக்கா பெயர் சொல்லாத அம்மா

சேகர் அண்ணாவின் வாட்ஸ்அப் செய்தி வந்தபோது நான் கலிஃபோர்னியாவில், சான் ரமோன் ஆபீஸில் ஒரு மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்தேன். "புவனா காலைல போயிட்டாம்மா. சாப்பிட்டுட்டு மெதுவா வா." அவ்வளவுதான். பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தை எப்படி முடித்தேன் என்று தெரியவில்லை. பார்க்கிங்குக்கு வந்து காருக்குள் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். மனைவி போன காலையிலும் அடுத்தவள் சாப்பிட்டாளா என்று நினைக்கிற மனிதர் சேகர் அண்ணா. அந்த வீடே அப்படித்தான்.

புவனா அக்காவை உங்களில் பலருக்கு, நம் ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் ஸ்கூல் போர்டின் உறுப்பினராகத் தெரியும். நான்கு தேர்தலில் நின்றார். முதல் தடவை தோற்றார், அடுத்த இரண்டு தடவை ஜெயித்தார், கடைசித் தடவை மறுபடி தோற்றார். முதல் தோல்விக்கு நாம் எல்லோரும் காரணம் சொன்னோம். புதுமுகம், பெயர் அமெரிக்கர்கள் வாயில் நுழையவில்லை, இப்படி. ஒரு காரணத்தை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. அது நான்தான். இத்தனை வருடம் அதை மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன். இன்று சொல்லிவிடுகிறேன்.

என் மகள் நிலாவை கிண்டர்கார்டனில் சேர்க்கப் போனபோது ஒரு படிவம் கொடுத்தார்கள். குழந்தை முதலில் பேசக் கற்ற மொழி எது, வீட்டில் பேசும் மொழி எது என்று அதில் கேள்விகள். நம் ஆட்கள் ஏற்கெனவே காதில் ஓதியிருந்தார்கள்: "தமிழ்னு மட்டும் எழுதிடாதே. டெஸ்ட் வெச்சு, இங்கிலீஷ் தெரியாத பிள்ளைங்க லிஸ்ட்ல போட்டுடுவாங்க. அப்புறம் அதுலேருந்து வெளியே எடுக்கவே முடியாது." வீட்டில் தமிழ் தவிர வேறு பேச மாட்டோம் என்று பார்ட்டிக்குப் பார்ட்டி பீற்றிக்கொண்டவள் நான். நிலாவுக்கு அன்று தெரிந்த ஆங்கிலம் 'பை பை' மட்டும். எல்லாக் கேள்விக்கும் 'இங்கிலீஷ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெருமைக்குத் தமிழ், படிவத்துக்கு இங்கிலீஷ். என்ன புத்தியோ!

மூன்று மாதம் நிலா வகுப்பில் வாயே திறக்கவில்லை. வீட்டில் ஆங்கிலம் பேசுகிற குழந்தை ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை என்று டீச்சருக்குக் கவலை. பாவம், அவர் மேல் என்ன தப்பு? குழந்தையின் வளர்ச்சியைச் சோதிக்க வேண்டும் என்று கடிதம் வந்தது. நானும் என் கணவரும் அதைப் படித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். அப்போதும் எனக்கு அந்தப் படிவம் நினைவுக்கு வரவில்லை. பிள்ளைக்குத்தான் ஏதோ குறை என்று நினைத்தேன். இதை எழுதக் கை கூசுகிறது.

புவனா அக்கா அந்தப் பள்ளியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாலண்டியராக நிற்பார். கரூர்க்காரர். ஜூஸ் டப்பா திறந்து கொடுப்பது, சிந்தியதைத் துடைப்பது, இதுதான் வேலை. ஒருநாள் பள்ளி விட்டுப் பிள்ளைகளைக் கூட்டிப்போகக் கார்கள் நிற்கும் வரிசையில் என் ஜன்னலைத் தட்டினார். அதற்குமுன் அவரோடு நான் பேசியதே இல்லை.

"ஏங்கண்ணு, நிலா உங்க பொண்ணுதானே? என்னமா பேசறா! லஞ்ச் டப்பாவைத் திறந்து, 'அழாதே இட்லி, உன்னை மெதுவாத்தான் சாப்பிடுவேன்'னு சமாதானம் சொல்லிட்டிருந்தா. சிரிச்சு சிரிச்சு எனக்கு வயிறே வலிச்சுப் போச்சு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. பின்னால் கார்கள் ஹார்ன் அடிக்க ஆரம்பித்தன. அக்கா அவர்களைப் பார்த்துக் கையைக் காட்டிவிட்டு, மெதுவாகக் கேட்டார்: "சேர்க்கையில அந்த ஃபார்ம்ல என்ன எழுதினீங்க?"

"ஞாபகம் இல்லக்கா" என்றேன். அவர் நகரவில்லை. "இங்கிலீஷ்னு எழுதினேன்க்கா. பொய் எழுதிட்டேன்."

"பயந்து எழுதினீங்க. அதை ஏன் பொய்யிங்கறீங்க? நாளைக்கு எட்டு மணிக்கு ஆபீஸுக்கு வாங்க, நானும் வர்றேன். மாத்திக்கலாம்."

மாற்றினோம். ஆபீஸில் இருந்த பெண்மணி ஒரு கேள்வியும் கேட்கவில்லை, புதுப் படிவத்தை எடுத்து நீட்டினார், அவ்வளவுதான். நிலாவுக்குத் தனியாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சர் வந்தார். கோடை விடுமுறைக்கு முன்பே அவள் வகுப்பில் வாயாடி என்று பெயர் வாங்கிவிட்டாள். எல்லோரும் பயமுறுத்திய அந்த லிஸ்டிலிருந்து பிறகு சத்தமில்லாமல் வெளியேயும் வந்தாள்.

அக்கா அதோடு விடவில்லை. சாப்பாட்டு மேஜைகளில் தேடி, நிலாவைப் போலவே வாய் மூடி உட்கார்ந்திருந்த இன்னும் சில பிள்ளைகளைக் கண்டுபிடித்தார். தமிழ், தெலுங்கு, ஒரு சீனப் பையன். எல்லா வீட்டிலும் அதே படிவம், அதே பயம். "ஃபார்ம்ல கேள்வி மட்டும் இருக்குது. பதில் எழுதினா என்ன நடக்கும்னு ஒரு வரி போட்டிருந்தா யாரு பயப்படப் போறாங்க?" என்று பிரின்ஸ்பாலிடம் கேட்டார். அது போர்டு முடிவு செய்ய வேண்டியது என்றாராம் அவர். "அப்ப போர்டுக்குப் போயிடறேன்" என்று வந்துவிட்டார் அக்கா. நாங்கள் விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தோம்.

அந்த முதல் பிரசாரத்தை நினைத்தால் இன்றும் சிரிப்புதான். அக்கா வீட்டு கராஜில் அத்தனை கூட்டம். விளம்பரப் பலகை நடுகிறவர்கள், நோட்டீஸ் மடிக்கிறவர்கள், சுண்டல் கொண்டுவருகிறவர்கள். அக்கா ஒருநாள் எண்ணிப் பார்க்கிற மாதிரி விரலை நீட்டிக் கேட்டார்: "இதுல யாருக்குங்க ஓட்டு இருக்குது?" குடியுரிமை இருந்தால்தான் ஓட்டு; எல்லோரும் விசாவிலோ கிரீன் கார்டு வரிசையிலோ நிற்கிறவர்கள். சேகர் அண்ணா மட்டும் கையைத் தூக்கினார். "அவரு ஓட்டு எனக்கான்னு வீட்டுக்குள்ள போய்த்தான் கேக்கோணும்" என்றார் அக்கா.

தேர்தலுக்கு முன் நூலகத்தில் வேட்பாளர்கள் கூட்டம் நடந்தது. அக்கா படிவத்தைப் பற்றிப் பேசினார், ஒரு குழந்தை மூன்று மாதம் பேசாமல் இருந்த கதையைச் சொன்னார். எதிர்த்து நின்றவர் மரியாதையாகத்தான் கேட்டார்: இது நடந்த கதையா, கட்டிய கதையா? அப்படி எழுதிய ஒரே ஒரு அம்மாவைக் காட்ட முடியுமா?

நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் கிரீன் கார்டு விண்ணப்பம் அப்போது நிலுவையில் இருந்தது. அரசாங்கப் படிவத்தில் பொய் எழுதியவள் என்று மேடை முன் ஒத்துக்கொண்டால் அது எங்கே போய் முடியுமோ என்று பயந்தேன். என் மடியில் நிலா தூங்கிக்கொண்டிருந்தாள். அக்கா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அந்த அம்மாவை எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன்" என்றார் அக்கா ஆங்கிலத்தில். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மறுவாரமே, கதை கட்டுகிறவர் என்ற பேச்சு ஊரெல்லாம் பரவியது. கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார்.

அதன் பிறகு அக்கா வந்தால் நான் கடையில் வரிசை மாறிப் போவேன். இரண்டு மாதம் அப்படி ஓடினேன். ஒரு சனிக்கிழமை அவரே போன் செய்தார். "கண்ணு, தேர்தல் பலகையெல்லாம் வைக்க எங்க கராஜ்ல இடமில்லீங்க. அடுத்த தடவை வரைக்கும் உங்க வீட்டுல வெச்சுக்கறீங்களா?" கோபம் என்று ஒன்று அவருக்கு இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த தேர்தலில் ஜெயித்தார். படிவத்துக்கு மேல் ஒரு விளக்கத் தாள் வைக்க அவருக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. இன்று உங்கள் பிள்ளைகளைச் சேர்க்கும்போது தமிழிலும் ஒரு பக்கம் தருகிறார்களே, அது அக்கா வாங்கிக் கொடுத்தது. எந்த விஷயம் வந்தாலும் போர்டில் அவர் முதலில் கேட்பது, "இதை நிரப்பப் போகிற ஆள் யார்? அவரிடம் கேட்டோமா?" மற்ற உறுப்பினர்கள் முதலில் சலித்துக்கொண்டார்கள். பிறகு அவர் கேட்பதற்கு முன் அவர்களே கேட்க ஆரம்பித்தார்கள்.

கடைசித் தேர்தலில் அவரைத் தோற்கடித்தது நாம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். எந்தத் தெரு எந்த உயர்நிலைப் பள்ளிக்கு என்ற எல்லையை மாற்ற அவர் ஓட்டுப் போட்டார். நம் வீடுகள் பல, பெயர் பெற்ற பள்ளியிலிருந்து அடுத்த பள்ளிக்குப் போயின; வசதி குறைந்தவர்கள் இருக்கும் அபார்ட்மெண்ட் பக்கம் பெயர் பெற்ற பள்ளிக்கு வந்தது. "நம்ம ஆளுன்னுதானே ஓட்டுப் போட்டோம்" என்று வாட்ஸ்அப் குழுவில் என்னென்னவோ எழுதினோம். "உங்க ஆளுதானுங்க நானு. அபார்ட்மெண்ட் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் ஒரு ஆள் வேணுமில்லீங்களா?" என்று ஒரே ஒரு பதில் போட்டார். தோற்ற பிறகும் ஒவ்வொரு மீட்டிங்குக்கும் வந்து, பார்வையாளர் நாற்காலியில் ஒரு கட்டுக் காகிதத்தோடு உட்கார்ந்திருப்பார்.

நோயில் படுத்தபின் ஒரு மதியம் போய்ப் பார்த்தேன். சேகர் அண்ணா காபி போட உள்ளே போயிருந்தார். "அக்கா, அன்னிக்கு லைப்ரரில நான் எழுந்திருக்கல" என்று ஆரம்பித்தேன்.

"எங்க எழுந்திருச்சுருவீங்களோன்னுதான் கண்ணு எனக்குப் பயம்" என்றார். "பிள்ளை மடியில இருந்துதல்லோ. அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பாத்திருப்பாங்க. எலெக்‌ஷனுக்கென்ன, மறுபடி நின்னுக்கலாம்."

உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தாரா, எனக்காகச் சொன்னாரா, தெரியாது. இனி யாரிடம் போய்க் கேட்பது? நான் எழுந்துவிடுவேனோ என்று பயந்ததாகச் சொன்னாரே, அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு வாக்கியம். அது என்னைத் தடவியும் கொடுக்கிறது, குத்தவும் செய்கிறது.

இதை எழுதலாமா என்று நேற்று நிலாவிடம் போனில் கேட்டேன். கல்லூரியில் இருக்கிறாள். நான் சொல்லச் சொல்ல அழுதாள். பிறகு "அம்மா, யூஸ் மை நேம்" என்றாள். இப்போது எங்களுக்குக் குடியுரிமை இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. ஆகவே இதில் வீரமும் ஒன்றுமில்லை.

வருகிற செவ்வாய்க்கிழமை போர்டு மீட்டிங்கில் அக்காவுக்கு அஞ்சலி. பொதுமக்கள் பேசலாம், ஆளுக்கு மூன்று நிமிடம். பெயர் கொடுத்துவிட்டேன். முடிந்தவர்கள் வாருங்கள். எனக்கு மூன்று நிமிடம் தேவைப்படாது. எழுந்து நின்று, அந்த அம்மா நான்தான் என்று சொல்லப் போகிறேன்.