முதல் மூன்று ரீல்

இருபத்தாறு வருஷம் சினிமாக் கொட்டகையில் வேலை பார்த்தவள் ஒரு படத்தின் தொடக்கத்தைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். பொந்தக்காவுக்கு வாய்த்த வேலை அப்படி.

பெண்கள் கவுன்டரில் ஒரு கை நுழையும் அளவுக்குத்தான் ஓட்டை இருக்கும். அந்தப் பொந்து வழியே டிக்கெட் கொடுத்தவள் என்பதால் பொந்தக்கா. ஊருக்கு அவள் விரல்கள் மட்டும் தெரியும். அவளுக்கும் ஊர் கைகளாகத்தான் தெரியும். முகத்தைக் காட்டினால் முழிப்பாள். கையை நீட்டினால் யார் வீட்டு மருமகள் என்று சொல்லிவிடுவாள்.

அந்தக் கொட்டகை முன்பு தானியக் கிடங்காக இருந்தது. அவள் சேர்ந்தபோது முன்னால் பெஞ்சு, பின்னால் நாற்காலி, ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் இடுப்பு உயரச் சுவர். பிறகு சுவரை இடித்தார்கள், மின்விசிறி மாட்டினார்கள், திரையை இரண்டு பக்கமும் இழுத்து அகலமாக்கினார்கள், கலர் வந்தது. வருஷங்களை அவள் எண்களால் நினைவு வைக்கவில்லை. அவளுக்குக் கல்யாணம் ஆனது நொண்டிக் குதிரைப் படம் ஓடிய வருஷம். மகள் பிறந்தது தீவுப் படத்துக்கு முந்தைய மழையில்.

கணவர் அதே கொட்டகையில் படம் ஓட்டும் ஆப்பரேட்டர். பகல் காட்சி மட்டும் இவர்கள் இருவர் பொறுப்பு; மேலே அவருக்கு ஒரு அசிஸ்டென்ட். மாலைக்கும் இரவுக்கும் வேறு ஆட்கள். தாமதமாக வருகிறவர்களுக்காகக் கவுன்டரை மூன்றாவது ரீல் முடியும்வரை திறந்து வைத்திருக்க வேண்டும். அதன் பிறகு பெட்டியைப் பூட்டி மேனேஜரிடம் ஒப்படைத்துவிட்டுப் பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்து நிற்பாள். அதற்குள் திரையில் அப்பா செத்திருப்பார், குடும்பம் பிரிந்திருக்கும், கதாநாயகன் ஜெயிலில் இருப்பான். விடுமுறை நாளில் வந்து முழுசாகப் பார்க்கலாமே என்றால், “அன்னைக்கும் அந்த மேனேஜர் மூஞ்சியிலதான் முழிக்கணுமா?” என்பாள்.

காட்சி முடிந்ததும் மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறையில் இருவரும் சாப்பாட்டைப் பிரிப்பார்கள்.

“சொல்லுங்க, அவன் எதுக்கு ஜெயிலுக்குப் போனான்?”

“இரும்மா, ஒரு வாய் சாப்பிட்டுக்கறேன்.”

“நீங்க சாப்பிட்டு முடிக்கறதுக்குள்ள அவனை விடுதலை பண்ணிடுவாங்க.”

அவர் சொல்லுவார். குரலைத் தாழ்த்தி, கையைத் தூக்கி, பின்னணி இசை வரவேண்டிய இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொல்லுவார். படத்தைவிட அவர் சொன்ன தொடக்கம் நன்றாக இருந்த நாட்கள் உண்டு. அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு அவள் அதையே திருப்பிச் சொல்லுவாள். “நாங்க பார்த்தப்ப அப்படி இல்லையே” என்று யாராவது இழுத்தால், “நீ லேட்டா வந்திருப்பே” என்று வாயை அடைத்துவிடுவாள். ஆப்பரேட்டர் சொன்னதற்கு மேல் சாட்சி உண்டா?

கொட்டகையின் பின்படியில் இறங்கி இரண்டாவது தெருவில் அவள் அக்கா வீடு. பன்னிரண்டு வயது மூத்தவள், தையல்காரி. கல்யாணப் பேச்சின்போது, “இருட்டுல வேலை பார்க்கறவனை நம்பி எப்படிடி போறே?” என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டாள். “என்னைக் கட்டிக்கப்போறவரை அப்படிச் சொன்னவ வாசலை இனி மிதிக்க மாட்டேன்” என்று இவளும் சொல்லிவிட்டாள். சொன்னபடியே இருந்தாள். ஆனாலும் ஐந்தாறு மாதத்துக்கு ஒருமுறை சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்பாள்.

“அக்கா என்னைப் பத்தி யார்கிட்டயாவது விசாரிச்சாளாமா?”

“எனக்கு எப்படித் தெரியும்? நமக்குத்தான் அங்க பேச்சுவார்த்தையே இல்லையே.”

ரயில் படம் ஓடிக்கொண்டிருந்தபோது அக்கா இறந்தாள். இவள் தெருமுனைவரை போனாள். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதவள் வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது என்று தோன்றியது. திரும்பி வந்துவிட்டாள்.

கொட்டகை பிறகு மூடப்பட்டு நாற்காலி, கட்டில் விற்கும் கடையாயிற்று. மகள் ஒரு டிவி வாங்கிக் கொடுத்தாள். பகல் இரண்டு மணிக்குப் பழைய படம் போடும் சேனல் ஒன்று அதில் இருந்தது. முதல் நாள் தீவுப் படம். பொந்தக்கா பாத்திரங்களை ஒதுக்கிவிட்டு, பெயர் போடும் முன்பே நிமிர்ந்து உட்கார்ந்தாள். கதாநாயகி ஜன்னலோரம் தையல் மெஷின் மிதித்துக்கொண்டிருப்பாள், வெயில் சாய்வாக அவள் கைமேல் விழும், அப்போது கடிதம் வரும். அவளுக்குத்தான் மனப்பாடமாயிற்றே.

திரையில் கதாநாயகி கப்பலிலிருந்து இறங்கினாள்.

“என்னங்க, தையல் மெஷினைக் காணோம்?”

அவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து சொன்னார்: “வெட்டியிருப்பான். டிவிக்காரன் எல்லாத்தையும் வெட்டறான்.”

“கப்பல் புதுசா வந்திருக்கே. அதுக்குப் பேரு வெட்டறதா, ஒட்டறதா?”

அன்று இருவருமே சிரித்தார்கள். அடுத்த வாரம் இரட்டையர் படம். அதிலும் அவர் சொன்ன தொடக்கம் இல்லை. வயசாகிவிட்டது, தனக்குத்தான் குழப்பம் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு நொண்டிக் குதிரைப் படம் வந்தது. அவர் சொன்னது அப்படியே இருந்தது; குதிரை எந்தக் காலால் நொண்டியது என்பதுவரை சரி. அப்படியானால் நினைவில் கோளாறு இல்லை.

அவள் அவசரப்படவில்லை. நான்கு மாதம் ஒரு படம் விடாமல் பார்த்தாள். தீவுப் படத்துக்கு முந்தையவை எல்லாம் சரி. ரயில் படத்துக்குப் பிந்தையவை எல்லாம் சரி. நடுவில் ஏழு வருஷம் ஓடியவற்றில் ஒன்றின் தொடக்கமும் அவர் சொன்னபடி இல்லை. அந்த ஏழு வருஷம் முதல் மூன்று ரீல் ஓடும்போது ஆப்பரேட்டர் கொட்டகையிலேயே இல்லை.

எங்கே இருந்தார் என்பதையும் அவர்தான் சொல்லியிருந்தார், மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து, படம் படமாக. அவர் பார்க்காத படத்துக்கெல்லாம் ஒரே தையல் மெஷின், ஒரே சாய்ந்த வெயில். இரட்டையர் படத்தில் அம்மாக்காரி நூல் கோக்க முடியாமல் ஊசியைத் திட்டுவாள் என்று சொல்லியிருந்தார்: “காதைக் காட்டுடி, செவிடி!” அதைக் கேட்டுப் பொந்தக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். “எங்க அக்கா மாதிரியே பேசறாளே!” என்றாள். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வெளியே போனார். தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று அன்று நினைத்தாள்.

அடுத்த நாள் இரண்டு மணிக்குப் படம் தொடங்கிப் பெயர் ஓடியது. அவள் டிவியை அணைத்தாள்.

“ஏங்க, அந்த மூணு ரீலை யார் ஓட்டினது?”

“எந்த மூணு ரீல்?”

“தீவுப் படத்துலேருந்து ரயில் படம்வரைக்கும்.”

“அசிஸ்டென்ட் ஓட்டியிருப்பான். இப்ப எதுக்கு அது?”

“செவிடி எந்தப் படத்துல வந்தா?”

பேப்பர் மெதுவாக இறங்கியது. அவர் எழுந்து வாசலுக்குப் போய், வெகுநேரம் கழித்துத்தான் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“ஒரு பட்டன் தைக்கத்தாம்மா போனேன்.”

“ஏழு வருஷமா ஒரு பட்டனா?”

“டீ கொடுத்தாங்க. சகலை நல்லாப் பேசுவார். அன்னைக்குச் சொன்னதை மனசுல வச்சுக்காதீங்கன்னு உன் அக்காவே சொன்னாங்க. அப்புறம் போகாம இருக்க முடியல. உன்கிட்டச் சொன்னா நீ போகாதீங்கன்னு நிறுத்திடுவேன்னு பயம்.”

“நிறுத்தியிருக்க மாட்டேன்.”

“பின்னே?”

“நானும் கூட வந்திருப்பேன்.”

பொந்தக்கா தன் விரல்களைப் பார்த்தாள். அக்காவுக்குத் தெரியும். அக்கா புருஷனுக்குத் தெரியும். மேலே ரீல் மாற்றிய அசிஸ்டென்டுக்குத் தெரியும், பின்படிக் காவல்காரனுக்கும் தெரிந்திருக்கும். ஓட்டைக்கு இந்தப் பக்கம் இருந்தவளுக்கு மட்டும் தெரியாது. யாருக்காக அக்காவை விட்டாளோ, அந்த மனுஷர் அக்கா கையால் டீ குடித்துவிட்டு வந்து இவளோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்.

ஆனால் இவளுக்கு வேண்டியது வேறு. அக்கா இல்லை, அக்கா புருஷனும் போன வருஷம் போய்ச் சேர்ந்தார். கேட்க இவரைவிட்டால் ஆள் இல்லை.

“அக்கா என்னைக் கேட்டாளா?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “கேக்காம இருப்பாங்களா? தினம் கேப்பாங்க. முதல் நாள் நான் உள்ள போறேன். ஜன்னலோரம் மெஷின். வெயில் அப்படியே சாய்வா அவங்க கை மேல விழுது. தலையைத் தூக்கி என்னைப் பார்க்கறாங்க…”

குரல் தாழ்ந்தது. கை உயர்ந்தது. இசை வரவேண்டிய இடத்தில் கொஞ்சம் நிறுத்தினார்.

“போதும், நிறுத்துங்க.”

“நிஜமாத்தாம்மா சொல்றேன். கண்ணு கலங்கிப் போய்க் கேட்டாங்க.”

“தீவுப் படத்துக்கும் இதத்தானே சொன்னீங்க.”

அவர் கையை இறக்கிக்கொண்டார். அவள் எழுந்து டிவியைப் போட்டாள். அரை மணிக்கு மேல் ஓடிவிட்டிருந்தது. கோர்ட்டில் ஒரு பெண் கூண்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். யார் அவள், எதற்கு அழுகிறாள் என்று பொந்தக்காவுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவரை அவள் கேட்கவில்லை.