புருவத்தில் நாலு, கட்டைவிரலில் இரண்டு

பெரிய டாக்டருக்குப் பொறாமை அதிகம். அந்த அம்மாளின் முதுகுக்குப் பின்னால் நான் இதைச் சொல்லவில்லை, அவரே சொல்வார். "என்கிட்ட யாரும் நல்ல செய்தி சொல்லாதீங்க, அன்னிக்குத் தூக்கம் போயிடும்" என்று கையுறை மாட்டிக்கொண்டே சிரிப்பார். தங்கை கட்டிய வீட்டில் சமையலறை ஜன்னல் பெரிது என்பதற்காக அவருக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லையாம்.

அவர் மயக்க மருந்து மருத்துவர். ஆபரேஷன் தியேட்டரில் அவருக்கு மருந்தும் கருவியும் எடுத்துக் கொடுக்கும் டெக்னீஷியன் நான். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். பொறாமை எங்களைப் போன்ற வீடுகளில் மட்டும் இருக்கும் நோய் என்று நினைத்திருந்தேன். அவ்வளவு படித்தவருக்கும் அது இருப்பதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகவே இருந்தது. அந்த ஆறுதல் எந்த வகை என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வேலையில் அவர் கறார். தசைகளைத் தளர்த்தும் மருந்தை மற்ற மருந்துகளோடு வைக்கவே விடமாட்டார். அதற்குத் தனித் தட்டு, சிவப்பு ஒட்டுச்சீட்டு. "இது தூங்க வைக்கிற மருந்து இல்லப்பா, கட்டிப்போடுற மருந்து. மாத்திப் போட்டுட்டா ஆளு முழிச்சிருப்பான். ஆனா மூச்சும் வராது, கூப்பிட வாயும் வராது. நெனச்சுப் பாரு."

இன்னொரு மயக்க மருந்து மருத்துவராகச் சின்ன டாக்டர் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அவருடைய பொறாமையில் சிரிப்பு குறைந்தது. அந்தப் பெண் கெட்டிக்காரி. வந்த சில மாதங்களிலேயே சர்ஜனுக்குப் பிடித்துப்போனது. "என் கேஸுக்கெல்லாம் சின்னவங்களையே போடுங்க, மடமடன்னு எழுப்பிடறாங்க" என்றார். புதுக் கட்டடத்துத் தியேட்டருக்குப் பொறுப்பாளரைச் சர்ஜன்தான் பரிந்துரைக்க வேண்டும். அந்த இடத்துக்குப் பெரிய டாக்டர் வருஷக்கணக்காகக் காத்திருந்தார்.

"அக்கா அக்கான்னு வேற கூப்பிடுறா" என்று என்னிடம் பொருமினார். "என் வயசை ஊருக்கெல்லாம் தண்டோரா போடுறா."

அன்று சின்ன டாக்டருக்குப் பித்தப்பை அறுவை கேஸ். பக்கத்துத் தியேட்டரில் வேலை முடிந்து பெரிய டாக்டர் வந்து, குற்றம் கண்டுபிடிக்க வந்த மாமியார் மாதிரி கை கட்டிச் சுவரோரம் நின்றார். நோயாளியின் கைகள் இரண்டும் உடம்போடு துணியால் சுற்றப்பட்டிருந்தன. அதனால் நரம்பைத் தூண்டும் கருவியின் ஒட்டுகளைச் சின்ன டாக்டர் முகத்தில் ஒட்டியிருந்தார். கருவி நாலு முறை தட்டும். கட்டிப்போடும் மருந்தின் பிடி விட விட, தசையின் துடிப்பு ஒன்று, இரண்டு என்று கூடும்; நாலும் வந்தால் பிடி விட்டது என்று கணக்கு.

தையல் முடிந்தது. சின்ன டாக்டர் பொத்தானை அழுத்தினார். புருவம் நாலு முறை துடித்தது.

"நாலும் வந்துடுச்சு" என்று மயக்க வாயுவைக் குறைக்கக் கை நீட்டினார்.

பெரிய டாக்டர் புருவத்தைப் பார்த்தார். பிறகு சர்ஜனைப் பார்த்தார். வாய் திறக்கவில்லை. நோயாளி மூச்சுக்குத் திணறினால் பழி யாருக்கு, பதவி யாருக்கு என்று எனக்கே கணக்குப் புரிந்தது. அவருக்குப் புரியாமல் இருக்குமா?

"வாயுவைக் குறைக்காத!" என்றார் திடீரென்று. "கையை வெளிய எடு. ஒட்டை மணிக்கட்டுக்கு மாத்து."

"அக்கா, நாலு..."

"அது புருவம். மத்த தசைக்கு முன்னாடியே தெளிஞ்சுடும். தொண்டை தெளியலையே! வாயில இருக்கிற குழாயை எடுத்தா தொண்டை தொங்கி மூச்சுப் பாதை அடைச்சுக்கும். தொண்டைக்குக் கட்டைவிரல்தான் கணக்கு, அதைப் பாரு."

கட்டைவிரல் இரண்டே முறை, அதுவும் சோம்பலாக அசைந்தது. சின்ன டாக்டரின் முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பிடியை முறிக்கும் மருந்தை நான் எடுத்துக் கொடுத்தேன், அவர் செலுத்தினார்.

"இன்னும் எவ்வளவு நேரம்?" என்றார் சர்ஜன்.

"ஆகும்போது ஆகும்" என்றார் பெரிய டாக்டர். சர்ஜன் டீ குடிக்கப் போய்விட்டார்.

நாலு துடிப்பும் ஒரே பலத்தில் இருப்பதாகக் கருவி எண்ணில் காட்டும்வரை நோயாளியைத் தூக்கத்திலேயே வைத்திருந்தார்கள். பிறகு வாயு நின்றது. நோயாளி கண் திறந்தார், சொன்னதும் கையை இறுக்கிப் பிடித்தார். குழாய் வெளியே வந்தது, ஒரு நல்ல இருமலும் வந்தது. அந்த நேரம் பார்த்துச் சர்ஜன் உள்ளே நுழைந்தார்.

"பாத்தீங்களா? கொஞ்சம் லேட்டானாலும் சின்னவங்க கைராசியே தனி!"

பெரிய டாக்டர் வெளியேறினார். நான் ஓய்வறைக்குப் போனபோது தொப்பியைக் கழற்றி மேஜையில் அடித்துக்கொண்டிருந்தார். "வயிறு எரியுதுப்பா. அந்த ஆளு நல்லா மூச்சு விடுறானேன்னு சந்தோஷம். அதோட சேத்து எரியுது. ஒரு நிமிஷம் வாயை மூடிட்டு நின்னேன், தெரியுமா?"

எனக்குத் தெரிந்திருந்தது. அந்த இடத்தில் நான் நின்றிருந்தால் அந்த ஒரு நிமிஷத்தை எவ்வளவு நீட்டியிருப்பேன்?

நோயாளியை ரெக்கவரி அறை நர்ஸிடம் ஒப்படைத்துவிட்டுச் சின்ன டாக்டர் வந்தார். கண் கலங்கியிருந்தது. "அக்கா, நீங்க மட்டும் இல்லைன்னா... சர்ஜன்கிட்ட நானே உண்மையைச் சொல்லிடறேன்."

அதெல்லாம் வேண்டாம்மா என்று பெரிய டாக்டர் சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"சொல்லு" என்றார். "இப்பவே போ. அந்த ஆளு டீ ரூம்லதான் இருப்பாரு. நாலு பேர் இருக்கும்போது, சத்தமா சொல்லு."