ஜெப்சனின் பெயருக்குப் பின்னால்

செத்தவரைக் குறை சொல்லும் ஊர் எங்கேயும் கிடையாது. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் அந்தப் புகழ்ச்சியை ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அடக்க ஆராதனையில், பெட்டியை மூடுவதற்கு முன்னால், இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பைப் போதகர் மைக்கில் வாசிப்பார். எங்கே பிறந்தார், எங்கே படித்தார், எந்த ஆபீசில் எந்தப் பதவியில் ஓய்வு பெற்றார் என்று போகும். கடைசியில் பிள்ளைகள். பாதிக் கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது இதற்காகத்தான். மூத்த மகன் இன்னார், இன்ன கம்பெனியில் இன்ன வேலை. மகள் இன்னார், இன்ன நாட்டில் நர்ஸ். ஒரு பெயர், அதன் பின்னால் ஒரு வேலை. வேலை இல்லாமல் ஒரு பெயர் வந்துவிட்டால் மறுநாள் டீக்கடையில் அதுதான் பேச்சு.

நான் முருகதாஸ். தக்கலையில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். எங்கள் வீடுகளில் இப்படி வாசிக்கும் வழக்கம் கிடையாது. ஆனாலும் சுற்றுவட்டாரத்துச் சபைகளில் வாசிக்கப்பட்ட குறிப்புகளில் பாதி என் கடையில் அச்சானவை. அந்தப் பாதியை எழுதியவன் ஜெப்சன்.

ஜெப்சன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். பெங்களூரில் ஒரு கம்பெனியில் இருந்தான், பிடிக்கவில்லை என்று விட்டுவிட்டு வந்து எழுத ஆரம்பித்தான். டெல்லியிலும் மும்பையிலும் இருக்கிற பத்திரிகைகள், வெப்சைட்டுகள், சுற்றுலாக் கம்பெனிகள் எல்லாம் மெயிலில் கேட்கும், இவன் எழுதிக் கொடுப்பான். ஊர் சுற்றுவதைப் பற்றி, சாப்பாட்டைப் பற்றி. ஒரு ஊருக்குப் போனால் கோயிலைப் பார்க்கமாட்டான், சந்தையைப் பார்ப்பான். கார்வாரில் ஒரு மீன்குழம்பு நன்றாக இருக்கும் என்று எவனோ சொன்னதை நம்பி, ரயிலில் நின்றுகொண்டே போய்ச் சாப்பிட்டுவிட்டு, அங்கே மீன் விற்கிற அம்மாவிடம் கொங்கணியில் நாலு வசவும் கற்றுக்கொண்டு வந்தவன். மலையாளம் அவனுக்குத் தாய்ப்பாலோடு வந்தது. இந்தி ரயிலில் வந்தது. ஸ்பானிஷ் மொழியை போனை வைத்துப் படித்து, மெக்சிகோக்காரி ஒருத்தியோடு பயறு வேகவைப்பது பற்றிச் சண்டை போடுவான். எழுதியதில் முக்கால்வாசி அவன் பெயரில் வராது. யாரோ ஒரு ஹோட்டல்காரர் பெயரிலோ, பெயரே இல்லாமலோ வரும். அவன் அதற்கெல்லாம் கவலைப்பட்டதில்லை. அவன் வீட்டுச் செலவு முழுக்க அவன் கையிலிருந்துதான் போனது. அதனால் பிழைக்கத் தெரியாதவன் கதை என்று யாரும் இதைப் படிக்க வேண்டாம்.

கல்யாணத் தரகர் ஒருவர் ஒருதடவை வந்தார். "பையனுக்கு என்ன சோலி?" என்று கேட்டார். எழுத்து என்றோம். "பத்திர எழுத்தா? ரிஜிஸ்டர் ஆபீசு பக்கத்துலயா?" என்று முகம் மலர்ந்தார். இல்லை, ஊர் ஊராகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு அதை எழுதுவது என்றதும், "திங்கதுக்கு எவனாவது சம்பளம் குடுப்பானா?" என்று கேட்டுவிட்டு எழுந்தவர் பிறகு வரவே இல்லை.

சொந்தக்காரர்களுக்கும் சபைக்காரர்களுக்கும் அவனுடைய எழுத்து எதற்குப் பயன்பட்டது என்றால், செத்த வீட்டுக்குத்தான். "ஜெப்சன் வீட்டுல சும்மாத்தான இருக்கான், கூப்பிடு" என்பார்கள். போவான். விதவைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, செத்தவருக்கு என்ன கறி பிடிக்கும், கோபம் வந்தால் என்ன சொல்லித் திட்டுவார் என்று கேட்பான். வாசிக்கும்போது கூட்டம் அழும், சிரிக்கும். பிள்ளைகள் வரிசை வரும்போது ஒருவரையும் வெறும் பெயராக விடமாட்டான். ஆட்டோ ஓட்டினவன் போக்குவரத்துத் தொழில் ஆனான். மயிலாடியில் கல் சுமந்தவன் சிற்பக்கூடப் பணியாளர் ஆனான். மாமனார் வீட்டுச் சாப்பாட்டிலேயே காலம் தள்ளிய ஒரு மருமகன்கூட நில ஆலோசகர் ஆனான். மானத்தை மறைக்க ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வேட்டி கட்டிவிடுவான்.

அவனுடைய அப்பா ஞானதாசன், நாகர்கோவிலில் ஒரு அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கையெழுத்தும் முத்திரையும் போட்ட நியமன ஆர்டர் ஒன்று வீட்டுக்கு வந்தால்தான் அது வேலை, மற்றதெல்லாம் பொழுதுபோக்கு என்பது அவருடைய வேதம். மூத்தவன் சத்தியராஜ் கோயம்புத்தூரில் பேங்க் மேனேஜர். மகள் ரெஜிலா அயர்லாந்தில் நர்ஸ். அம்மா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாள். கிழவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்தபோது, அண்ணனும் அக்காளும் போனில் ஒரே குரலில் சொன்னார்கள்: "நீ வீட்டுலதான இருக்க."

அன்றோடு அவன் பயணம் நின்றது. அப்பாவைப் படுக்கையிலேயே கழுவித் துடைப்பான், பிறகு அடுப்படிக்குப் போவான். உள்ளித்தீயல், புளிசேரி, சாளைமீன் குழம்பு என்று தினமும் ஒன்று. கிழவர் வழித்துச் சாப்பிடுவார். சாப்பிட்டு ஏப்பம் விட்டுவிட்டு, "ஆம்பிள அடுப்பங்கரையில கெடக்கான்" என்று பார்க்க வருகிறவர்களிடம் வருத்தப்படுவார். கேட்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் சிரிப்பான்.

ஒருநாள் நான் அங்கே இருக்கும்போதே கிழவர் ஆரம்பித்தார்.

"லேய் ஜெப்சா, ஊருல எல்லாவனுக்கும் எழுதுகியே. எனக்குள்ளத நானே சொல்லுகேன். எடுத்துக்கோ."

ஜெப்சன் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டான். பிறப்பு, படிப்பு, சர்வீஸ் என்று அவர் ஆபீஸ் கடிதம் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொல்லி, பிள்ளைகளுக்கு வந்தார்.

"மூத்த மகன் சத்தியராஜ். பேங்க் மேனேஜர், கோயம்புத்தூர். போட்டியா?"

"போட்டேம்ப்பா."

"மகள் ரெஜிலா. ஸ்டாஃப் நர்ஸ், அயர்லாந்து. மருமகன் பேரையும் போடு."

"போட்டாச்சு."

"இளைய மகன் ஜெப்சன்..."

நின்றுவிட்டார். "அது கெடக்கட்டு. பொறவு பாப்போம்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

வெளியே வந்ததும் நான் கத்தினேன். "ஊருல உள்ளவனுக்கெல்லாம் பதவி குடுத்தியே, உனக்க பேருக்குப் பொறவு எழுத்தாளர்னு நீயே ஒரு வார்த்த போட்டா கையா ஒடிஞ்சு போவும்?"

"மத்தவனுக்குப் போட்டது அவனுவளுக்க ஆசைக்கு. இது எனக்க அப்பன் முருகா. அவரு வாயில இருந்து வரணும். நானே போட்டா அது கள்ளச் சர்ட்டிபிகேட்டு."

நாற்பது வயதைத் தாண்டியவன், பத்து ஊர்ப் பத்திரிகைக்காரன் கேட்டு எழுதுகிறவன், படுக்கையில் கிடக்கிற ஒரு மனுஷனின் வாயிலிருந்து ஒரே ஒரு சொல் விழுமா என்று காத்துக் கிடந்தான். எனக்கு அவன்மேல் வந்த எரிச்சல் கொஞ்சமில்லை.

அதற்கு ஒரு வழியும் வந்தது. டெல்லியிலிருந்து ஒரு ஆங்கிலப் பத்திரிகை அவனிடம் நாஞ்சில்நாட்டுச் சாப்பாட்டைப் பற்றிப் பெரிய கட்டுரை கேட்டது. அவன் பெயரில், அவன் படத்தோடு. படத்தை நான்தான் எடுத்தேன். பத்மநாபபுரம் அரண்மனை வாசலில் நிற்கவைத்து எடுக்கலாம் என்றேன், அங்கே டூரிஸ்டு நிற்பான் என்று சொல்லி அடுப்படியிலேயே நின்றான். கட்டுரையில் தீயலுக்குத் தேங்காய் வறுப்பதை எழுதியிருந்தான். அடுப்பில் மகன் வறுக்க, படுக்கையில் கிடக்கும் அப்பா வாசம் பிடித்து, "இப்போ எறக்கு" என்று அறையிலிருந்து சத்தம் போடுவதை எழுதியிருந்தான். எனக்குத் தெரிந்த இங்கிலீஷுக்கே கண் கலங்கிவிட்டது.

பத்திரிகை வந்த அன்றைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனான். கிழவர் கண்ணாடியை மாட்டி, ஒரு வரி விடாமல் படித்தார். ஜெப்சன் அடுப்படியில் வேலை இருப்பதுபோலக் கழுவிய பாத்திரத்தையே கழுவிக்கொண்டிருந்தான்.

"நல்லாத்தான் எழுதியிருக்க" என்றார் கிழவர். அவன் ஓடிவந்து நின்றான். "என்னப் பத்தியும் போட்டிருக்க. செரி, இவனுவ உனக்கு ஆர்டர் தந்தானுவளா?"

"ஆர்டரெல்லாம் கெடையாதுப்பா. மெயில்ல கேப்பாவ, எழுதிக் குடுப்பேன்."

"அப்போ நீ ஸ்டாஃப் இல்ல?"

"இல்ல."

"பி.எஃப்.?"

"இல்லப்பா."

பத்திரிகையை மூடித் தலையணைப் பக்கம் பத்திரமாக வைத்தார். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "வயசு இன்னும் போயிரல்ல மக்கா. இனியாவது ஒரு வேல பாரு."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பான். பாசமாகச் சொன்னார். அன்றைக்கு அவன் என்னோடு சைக்கிள் கடை முக்கு வரை நடந்து வந்து, அப்படியே திரும்பிப் போய்விட்டான்.

கிழவருக்கு மூச்சுமுட்ட ஆரம்பித்த பிறகு, தானாகவே மகனைக் கூப்பிட்டார். "அத முடிச்சிருவோம். எழுது. இளைய மகன் ஜெப்சன், தகப்பனாரை உடனிருந்து கவனித்து வருகிறார்." அவ்வளவுதான். எழுதச் சொல்லிவிட்டு, திருப்பி வாசிக்கச் சொல்லி, தலையாட்டினாராம். மறுநாள் கடைக்கு வந்து ஜெப்சன் இதைச் சொன்னான். "வேல குடுத்துட்டாரு முருகா. ஆயா வேல" என்றான். நான் டீ சொன்னேன். குடிக்கவில்லை.

சீக்கிரமே கிழவர் போய்விட்டார். சத்தியராஜ் காரில் வந்து இறங்கினார். அவருடைய மகளுக்கு ஒரு இடம் பேசி முடிகிற நேரம் அது. மாப்பிள்ளை வீட்டார் அடக்கத்துக்கு வருகிறார்கள். குறிப்பைப் படித்துப் பார்த்தவர், தம்பியைக் கூட்டிக்கொண்டு நேரே என் கடைக்கு வந்தார்.

"ஏலே ஜெப்சா, இந்தக் கடைசி வரிய மாத்து. ஐ.டி. கம்பெனியில் பணின்னு போடு. அவியளுக்க முன்ன வச்சு மானம் போயிரும்."

"அப்பா சொன்னதுண்ணே."

"அப்பா சொன்னாரு, நீ மாத்து. யாருக்குத் தெரியப் போவுது?"

"மாத்தமாட்டேன்."

அண்ணன் முறைத்துவிட்டு, பூமாலை வாங்க எதிர்க்கடைக்குப் போனார். நான் கீபோர்டை அவன் பக்கம் நகர்த்தினேன். "எவனும் இல்ல. அந்த ஒரு வார்த்தைய நீ போடு. நான் அச்சடிச்சுத் தாறேன்" என்றேன். அவன் அடித்தான். எழுத்தாளர். திரையில் பார்க்க எவ்வளவு லட்சணமாக இருந்தது தெரியுமா? கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒவ்வொரு எழுத்தாக அழித்தான்.

"அப்பா சொல்லல்ல முருகா."

'கவனித்து வருகிறார்' என்பதை மட்டும் 'கவனித்து வந்தார்' என்று திருத்திவிட்டு, அச்சடி என்றான்.

சபைக் கோயிலில் போதகர் வாசித்தார். மேனேஜர் வந்தபோது தலைகள் ஆடின. அயர்லாந்து வந்தபோது இன்னும் நன்றாக ஆடின. கடைசி வரி வந்தது. "இளைய மகன் ஜெப்சன், தகப்பனாரை உடனிருந்து கவனித்து வந்தார்." பெண்கள் பக்கம் விம்மல். போதகர் தாளிலிருந்து தலையைத் தூக்கி, இந்தக் காலத்தில் இப்படி ஒரு மகனா என்று தன் பங்குக்குச் சொந்தமாகவும் பேசினார். சத்தியராஜ்கூட கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டார் எழுந்து வந்து ஜெப்சனின் கையைக் குலுக்கினார்கள். பின்வரிசையில் நின்ற எனக்கு மைக்கைப் பிடுங்கி, இவன் என்ன வேலை செய்கிறான் என்று கேளுங்களடா என்று கத்தத் தோன்றியது. அந்நிய சபையில் நமக்கென்ன என்று நின்றுகொண்டேன்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி, வீட்டு முற்றத்துப் பந்தலில் எல்லோருக்கும் கட்டங்காப்பி கொடுத்தார்கள். பக்கத்து வீட்டு லீலாபாய் மாமி ஜெப்சன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவன் தலையைத் தடவினாள். நல்ல மனுஷி, ஒரு கள்ளம் கிடையாது.

"மக்கா, உனக்குள்ள கடமைய நீ செஞ்சிட்ட. அப்பாவப் பாக்கதுக்காவ இவ்வளவு காலமும் ஒரு சோலிக்கும் போவாம இருந்தியே, அது எங்களுக்கு இண்ணைக்குத்தான் தெரிஞ்சுது. நாங்க எல்லாரும் உன்ன மடியன்னு தப்பா நெனச்சுட்டோம். கர்த்தர் கண்டாரு. இனி அப்பாவும் இல்ல, நீ வேலைக்குப் போலாம்லா? எனக்க மருமகனுக்கு மார்த்தாண்டத்துல கம்பிக் கட இருக்கு. கணக்கு எழுத ஒரு ஆளு வேணும்னு சொன்னான். உனக்குத்தான் எழுத்து நல்லா வருமே. சொல்லட்டா?"

இப்போது ஏதாவது சொல்லுவான் என்று நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொங்கணியில் ஒரு வசவாவது வரும் என்று நினைத்தேன்.

"சொல்லுங்க மாமி" என்றான் ஜெப்சன். "ஆர்டர் தருவாவளான்னும் ஒண்ணு கேட்டுருங்க."